கரையில் நிற்கும் மூன்று படகுகள்

க்ரீத்தின் கணுக்காலில் ஆறாத புண். கட்டு மாற்ற ஊர் நர்ஸ் நான்தான் போவேன். எங்கள் மீனவ ஊரான காட்வைக்கில் கணவன் கடலில் மாண்டுபோனால் மனைவி சாகும்வரை கறுப்புதான் உடுத்துவாள். க்ரீத் நீலம் உடுத்தினாள். கணவன் ஆரியின் படகு காணாமற்போய் பல வருடங்கள் ஆகியும் உடல் ஒதுங்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தப் படம்.

ஆரி இருந்தபோது ஒரு கோடையில் வந்து தங்கிய ஓவியர் ஒருவர் கொடுத்தது. உள்ளங்கையளவு நீர்வண்ணம். மணலில் மூன்று படகுகள், நடுவில் ஆரியுடையது, பழுப்புப் பாய். க்ரீத் அதைத் தன் படுக்கைக்குள் மாட்டியிருந்தாள். எங்கள் வீடுகளில் படுக்கை சுவரலமாரிக்குள் இருக்கும். கதவைச் சாத்தினால் கும்மிருட்டு.

"படகு கரையில நிக்குது பாருங்க சிஸ்டர். அப்புறம் எப்படி மூழ்கும்?" என்பாள்.

அந்த வசந்தத்தில் மகள் மார்த்யாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மீனவர்கள். அப்பன் செத்தானா இருக்கிறானா என்று சொல்லாத வீட்டிலிருந்து பெண்ணெடுத்தால், அவன் மருமகனைக் கடலுக்குள் துணைக்குக் கூப்பிடுவான் என்று பயந்தார்கள்.

"கறுப்பு கட்டும்மா. இல்லன்னா அவங்க வரமாட்டாங்க."

"உங்கப்பன் வந்து பாத்துட்டு, என்னடி எனக்கு முன்னாடியே துக்கம்னு கேப்பான்."

"வந்து கேக்கட்டும். சாப்பாடு போடுறேன்."

மார்த்யா அழுதுகொண்டே வெளியே போனாள். நான் பழைய கட்டை அவிழ்த்தேன்.

"விளக்கை உள்ள காட்டுங்க சிஸ்டர். ரெண்டு நாளா எனக்குப் படம் சரியாத் தெரியல."

காட்டினேன். இரண்டு படகுகள் இருந்தன. நடுவில் வெறும் மணல். சாயம் மட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வெளுத்திருந்தால் மூன்றும் வெளுத்திருக்க வேண்டும். வெயில் நுழையாத இடம் வேறு. கண்ணாடியைத் தொட்டேன், ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கடலோர வீட்டில் எதை நக்கினாலும் உப்புதான்.

"நடுவுல இருக்கா?"

நோயாளியிடம் நான் பொய் சொல்வதில்லை. "இல்ல."

"அப்ப கரையை விட்டுக் கெளம்பிட்டான். பொண்ணு கறுப்பு கட்டச் சொல்லிக் கேட்டுட்டாள்ல."

மார்த்யாவைக் கூப்பிட்டு, பெட்டியிலிருக்கும் கறுப்பை எடுத்து வரச் சொன்னாள். க்ரீத்தின் மாமியார் உடுத்தியது, இடுப்பு பெரிது. நானே குண்டூசி குத்திப் பிடித்துவிட்டேன். பிறகு காலைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டேன். அந்தப் படுக்கை அலமாரிக் கதவை மட்டும் நான் தொடவில்லை, மார்த்யாவைச் சாத்தச் சொன்னேன்.