சோளக்காட்டில் நின்றது நானில்லை

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது, இப்போதும் கிடையாது. ஊர்க் கோயில் கொடையில் சாமியாடி என் முன்னால் வந்து குறி சொன்னபோதுகூட, அடுப்பில் வைத்துவிட்டு வந்த உலை பொங்கிவிடுமே என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றவள் நான். அதனால் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளின் கடைசி. புதூர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் சோளம் போட்டிருந்தோம். பன்றி இறங்கி உழப்புகிறது என்று என் வீட்டுக்காரர் லைசென்சுக்கு எழுதிப்போட்டுத் துப்பாக்கி வாங்கினார். குழல் வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற ரகம். நிலம் இருக்கிறதா, பேரில் கேஸ் இருக்கிறதா என்று விசாரித்தார்கள், சுடத் தெரியுமா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனைக்கூட எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள், ஆளைக் கொல்லுகிற சாமானைக் கையில் கொடுக்கும்போது ஒன்றும் கிடையாது.

இவர் அதைக் கெட்டித்தபடியே தானியக் குலுக்கையில் சாய்த்து வைப்பார், விசையடியில் மாட்டுகிற வெடி கேப், அதைக்கூடக் கழற்ற மாட்டார், பேசிக்கொண்டே குழலை ஆள் முகத்துக்கு நேராகத் திருப்புவார்.

"அசையுறது என்னன்னு பாத்துட்டுச் சுடுங்க" என்று தொண்டை வறளச் சொல்வேன்.

"பொட்டச்சி நீ எனக்கு வேட்டை சொல்லித் தாறியோ" என்பார்.

அந்தச் சமயம் கடம்பூரில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. நான் மட்டும் போயிருந்தேன். சாயங்காலம் பந்தியில் சோறு வைத்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று இரண்டு காதும் அடைத்துப்போயிற்று. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அண்ணன் பெண்டாட்டி பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாள்.

"என்ன மதினி, ஒங்க தலைமுடியில வெடி வாடை அடிக்கி?"

எனக்கும் அடித்தது. அடுப்புப் புகையாயிருக்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் ஊருக்கு வந்தால், இவர் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடக்கிறார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, நீ எப்படி அங்கன வந்தே?"

நடந்தது இதுதான். எங்கள் தெருக்காரி, ஆடு மேய்க்கிற மாடத்தி, முந்தின நாள் சாயங்காலம் சோளத்துக்குள் குனிந்து புல் அறுத்திருக்கிறாள். தாள் அசைவதைப் பார்த்ததும் இவர் பன்றி என்று சுட்டுவிட்டார். சுட்ட நேரத்தில், நடுவில் நான் நின்றேனாம். நான் கடம்பூருக்குக் கட்டிப்போன அதே அரக்குச் சேலையில். புகை கலைந்து பார்த்தால் நான் இல்லை, மாடத்தி மட்டும் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறாள், உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

நம்பாமல் நானே காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இவர் நின்ற இடத்திலிருந்து சோளத்தட்டை வரிசையாக ரவை பட்டுக் கிழிந்து கிடந்தது. மாடத்தி இருந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் அது நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஒரு இலைகூடச் சேதமில்லை.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் ஊர் என்ன செய்தது தெரியுமா? தேங்காயோடு என் வீட்டு வாசலுக்கு வந்தது, என் காலில் விழ வந்தது, சுட்டவரை ஒரு சொல் கேட்கவில்லை. இவரும் காய்ச்சல் விட்டதும், "அதான் ஒண்ணும் ஆவலையே" என்று மறுபடி வெடிமருந்தை வெயிலில் காய வைத்தார். என்னைக் கேட்காமல் என் உருவத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றது எதுவோ, அதன் மேலும் எனக்கு ஆத்திரம். காப்பாற்றியது சரி, இந்த மனுஷன் திருந்த வழியில்லாமல் பண்ணிவிட்டதே.

மருந்து காய்ந்து முடிவதற்குள், வெறும் குழலாக இருந்த துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பஸ் ஏறி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன்.

"லைசென்ஸ்காரர் வரணும்மா. நீங்க இதத் தூக்கிட்டு வாறதே குத்தம்" என்றார் அங்கிருந்த ஏட்டு.

"சுடத் தெரியாதவருக்குக் குடுத்தது யார் குத்தம்?"

"அதெல்லாம் பாக்கிறது எங்க வேலை இல்ல."

"பொறவு யார் வேலை? செத்தவ வந்து சொல்லணுமா?"

அவர் இவரைக் கூட்டிவர ஊருக்கு ஆள் அனுப்பினார். நான் அங்கிருந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார், ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பின்னால் ஒருநாள் மாடத்தி பேச்சுவாக்கில் சொன்னாள், சோளத்துக்குள் நின்ற நான் சும்மா நிற்கவில்லையாம், அவள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னேனாம்.

"என்னட்டி சொன்னேன்?"

"சொன்னவிய நீங்க. எங்கிட்ட எதுக்குக் கேக்கிய" என்று எழுந்து போய்விட்டாள்.

கெஞ்சியும் கேட்டேன், திட்டியும் கேட்டேன், இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் காய்ச்சல் என்று படுத்தால் போதும், எப்படித்தான் தெரியுமோ, வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். வந்து, படுத்திருக்கிறவரைப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று, அன்றைக்குச் சொன்னது நடந்துவிட்டதா என்று தேடுகிறவள் மாதிரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள்.