சின்னவள் வீட்டுச் சீனி

நான் பொறாமைக்காரி. வயது போன பிறகு இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் ஒரே லயத்தில் முதல் காம்பராவில் நானும் ஆறாவது காம்பராவில் என் கொழுந்தனின் மனைவி சின்னவளும் குடியிருந்தோம். மாமி, என் புருஷனின் அம்மா, என் வீட்டில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமிக்கு ஆக்கிப் போட்டவள் நான்தான். உறைப்பு என்றால் மாமிக்கு உயிர். காய்ந்த கொச்சிக்காயை அரைத்த கட்டைச் சம்பலை ரொட்டியில் அப்பிக்கொண்டுதான் கொழுந்து எடுக்கப் போவார். பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியில் சீனி போட்டுவிட்டால், "இது யாருக்குடி, புள்ளக் காம்பராவுக்கா?" என்று, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தைச் சொல்லிக் கேட்பார். என் சமையலை ஒருநாளும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. தட்டு காலியாகத் திரும்பும். அதையே பாராட்டு என்று வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், என் மூத்தவன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருஷம், மாமி மலை வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். ஒரு மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "வாய்க்கு வெளங்கலடி" என்றார். தட்டை இன்னொரு தட்டால் மூடி எடுத்துக்கொண்டு, நான்கு வாசல்களைத் தாண்டிச் சின்னவள் வீட்டுக்குள் போனார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. தட்டு கழுவித்தான் திரும்பி வரும். என் சோற்றைக் கோழிக்குக் கொட்டிவிட்டு அவள் ஆக்கியதைத் தின்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது, "மூத்தவ சோறு தொண்டையில எறங்கலயாம்" என்று பேசிக்கொண்டார்கள்.

என் வயிறு எரிந்தது. சின்னவளின் புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. மாதா மாதம் சீனியும் டின்பாலும் வந்து இறங்கும். டின்பாலைக் காட்டி மாமியை மயக்கிவிட்டாள் என்று திட்டாத நாளில்லை, மனசுக்குள்தான். எந்த மாசம் சாயத்தண்ணிக்குச் சீனி கேட்டார், எந்தப் பொங்கலுக்கு வடையைத் தொடாமல் சர்க்கரைப் பொங்கலை வழித்து நக்கினார், எப்போது சம்பலை ஒதுக்கினார், எல்லாவற்றையும் மனசில் போட்டு வைத்தேன். ஒருநாள் சண்டை வரும், அப்போது எடுத்து வீசலாம் என்று காத்திருந்தேன். சண்டைதான் வரவில்லை.

ஆறேழு வருஷத்துக்குப் பிறகு மாமிக்கு மறதி வந்தது. ஒரு காலையில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்தில் போய், வேலைக்குப் பேர் கூப்பிடுவார்கள் என்று நின்றார். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். பிறகு அங்கிருந்து ஒரு டாக்டரம்மா, யாழ்ப்பாணத்துப் பெண், தாள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மறதி வருவதற்கு முந்திய வருஷங்களில் இப்படிப்பட்டவர்கள் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்து எழுதுகிறாராம்.

அங்கே வந்து நின்ற சின்னவளை அவர் முதலில் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அவளோ, "எல்லாமே நல்லா சாப்புடுவாங்க டாக்டர்" என்று முடித்துவிட்டாள். நான் குறுக்கே புகுந்து, வருஷம் வருஷமாகக் கொட்டித் தீர்த்தேன். டாக்டரம்மாவால் எழுதி மாளவில்லை.

"கேட்ட ஆக்கள் எல்லாம் தெரியாது எண்டுதான் சொல்லுறவை. நீங்கள் எப்பிடி அக்கா இவ்வளவையும் ஞாபகம் வைச்சிருக்கிறியள்?"

"வயித்தெரிச்சல்தான் டாக்டர்" என்றேன்.

அவர் சிரித்தார். "சிலருக்கு மறதி தெரிய வாறதுக்குக் கன காலம் முந்தியே நாக்கு மாறிடும், இனிப்பைத் தேடும். உங்கட சமையலில பிழை இருந்திராது" என்றவர், சின்னவளிடம் திரும்பி, "உங்கட வீட்டில என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

சின்னவள் தலையைக் குனிந்தாள். "அக்கா குடுத்த சோறுதாங்க. அதுமேல ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடுப்பேன். நான் வேற ஒண்ணும் ஆக்கல."

"ஏன்டி, அத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் நல்லா ஆக்குறேன்னு மாமி சொன்னாங்கக்கா. எங்க அம்மா வீட்டுலகூட யாரும் என்னய அப்புடி சொன்னதில்ல."

அறையலாம் போல இருந்தது. என் சோற்றைப் பார்த்தே இத்தனை வருஷம் நான் வெந்து போயிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் சோறும் பூசணிக்காய்க் கறியும் ஆக்கி, மேலே இரண்டு கரண்டி சீனி தூவி மாமிக்கு ஊட்டினேன். மளமளவென்று சாப்பிட்டார். கடைசி வாய் விழுங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சின்னவளே, ஒன் கைப்பக்குவம் மூத்தவளுக்கு வருமாடி?"

அப்போதும் எனக்குச் சின்னவள் மேல் பொறாமைதான் வந்தது.

"வராதுங்க மாமி" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுச் சீனி தூவினேன்.