கைப்பிடியில் ஒரு ரூபாய்

வடமாலபேட்டை டீக்கடையில் காரை நிறுத்துகிறேன்; அப்பா டீ சொல்ல முன்னே போக, நானும் இறங்குகிறேன். பின்கதவுக் கைப்பிடிக்குள் ஒரு ரூபாய் நாணயம் செருகியிருக்கிறது. கதவு பூட்டாமலிருக்கத் திருடர்கள் இப்படிச் செய்வார்களென்று வாட்ஸ்அப்பில் படித்திருக்கிறேன். பின்சீட்டிலுள்ள பையில் என் சான்றிதழ்கள்; திருப்பதியில் இன்று வேலைக்கான சரிபார்ப்பு. பதறிப்போய்ப் பையைத் திறக்கிறேன். எல்லாம் இருக்கின்றன.

கடைக்கார அக்கா நாணயத்தை உருவிப் பார்த்துச் சிரிக்கிறார்.

"திருட வர்றவன் மஞ்சள் பூசியா வச்சிட்டுப் போவான், தம்பி?"

டீ குடித்துக்கொண்டிருக்கும் அப்பா தலை குனிகிறார்.

"நான்தாண்டா வச்சேன். போற காரியம் முடியணும்னு சாமிய வேண்டிக்கினு."

"சொல்லக் கூடாதா, நைனா?"

"படிச்சவன், சிரிப்பியேன்னுதான்."

போன உயிர் திரும்புகிறது. நாணயத்தை அங்கேயே செருகுகிறேன். பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்கிறேன்.