கம்பிக்குப் போகிற ஒயர்

ரத்தினபாயின் வாய்க்குக் கிழக்குத் தாம்பரத்தில் பயப்படாதவர் யாருமில்லை. சர்ச்சில் மணியடிக்கிற கோயில் குட்டியார் முதல் பால்காரன்வரை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவள். குரோம்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் ரேடியோப் பெட்டிக்குள் ஒயர் பற்றவைக்கிற வேலை. கையெழுத்து வராது, கைநாட்டுதான். ஆனால் அவள் ஈயம் வைத்த இடம் பனித்துளி மாதிரி உருண்டு நிற்கும். சூப்பர்வைசர் அவள் வாயைப் பொறுத்துக்கொண்டது அந்தக் கைக்காகத்தான்.

புருஷன் எட்மண்ட் அவளுக்கு நேர் எதிர். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். பகலில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டினான். கல்யாண வீடுகளில், கிறிஸ்துமஸ் கீதங்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது பார்த்தால்தான் உண்டு.

எழுபத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில், பட்டறையில் அறுந்த ஒயர் ஒன்று இரும்பில் பட்டு, அவன் இடது கையில் கரண்டு பாய்ந்தது. உயிர் தப்பியது. நடுவிரலும் மோதிர விரலும் போயின. சுண்டுவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. கிட்டாரில் கம்பியை அமுக்குகிற கை அதுதான்.

வேலை போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சோறு போட அவள் கை இருந்தது. ஆனால் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். தட்டை வைத்தால் தின்றான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. இப்படியே விட்டால் ஆளே இல்லாமல் போய்விடுவான் என்று பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆணியில் தொங்கிய கிட்டாரை எடுத்து அவன் மடியில் போட்டாள், தலைகீழாக.

"பீச்சாங்கையில அமுக்கினது போச்சு. சோத்துக் கையில அமுக்கு. பீச்சாங்கையில மிச்சம் கீற ரெண்டு வெரல வெச்சுகினு மீட்டு. மீட்டுறதுக்கு ரெண்டு வெரல் போதாதா?"

"முப்பத்தாறு வயசுல இடம் மாத்திக் கத்துக்கணுமா?"

"செத்தப்பறமா கத்துக்கப் போற?"

கம்பிகளை இடம் மாற்றிக் கட்டினான். குழந்தை எழுத்துக் கூட்டுவதுபோல வலது கையால் கம்பியைத் தேடினான். மெல்லமெல்ல வந்தது. ஆனால் கிட்டாரைத் திருப்பிப் பிடித்ததில் ஒரு வம்பு. கம்பிகளுக்கு அடியில் சத்தத்தை வாங்குகிற பிக்கப் இரண்டு உண்டு. எதைப் பாட விடுவது, இதையா, அதையா, இரண்டையுமா என்று தள்ளிவிட ஒரு ஸ்விட்ச். கீழே இருந்த அந்த ஸ்விட்ச் இப்போது மேலே வந்து, மீட்டுகிற முழங்கைக்கு நேராக உட்கார்ந்துகொண்டது. கை பட்ட போதெல்லாம் அது மாறிக்கொள்ளும். பாட்டு நடுவில், குரல் உடைகிற பையன் மாதிரி, கட்டை ஓசை கீச்சென்று ஆகிவிடும்.

"ஸ்விட்ச இந்தாண்ட மாத்தித் தரேன்" என்றாள்.

"உனக்கு இதப் பத்தி இன்னா தெரியும்?"

"ரேடியோவுல இல்லாத ஒயரா இதுக்குள்ள கீது?"

தச்சரிடம் கொடுத்து மறுபக்கம் ஒரு குழி தோண்டி வாங்கி வந்தாள். தரையில் பழைய சேலையை விரித்துக் கிட்டாரைக் கவிழ்த்து, திருகாணிகளைச் சாப்பாட்டு டப்பா மூடியில் போட்டாள். இரண்டு பிக்கப்பிலிருந்து வருகிற ஒயர்கள் ஸ்விட்சின் கால்களுக்குப் போயின. அங்கிருந்து சத்தம் கூட்டுகிற திருகுக்கு, அப்புறம் வெளியே. எல்லாம் அவளுக்கு வெட்டவெளிச்சமாக இருந்தது. ஒரே ஒரு ஒயர் மட்டும் தனியாக மரத்துக்குள் நுழைந்து, கம்பிகள் உட்கார்ந்திருக்கிற இரும்புத் தகட்டின் அடியில் போய் முடிந்தது.

அந்த ஒயரை அவள் வெகுநேரம் பார்த்தாள். கிட்டாரைச் செருகுகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டி, மைக் செட் வாடகைக்கு விடுகிற காஜாவுடையது. ஒருதரம் அதன் இரும்பைத் தொட்டபோது அவளுக்கே சுரீரென்று அடித்திருக்கிறது. பெட்டியில் கசிகிற கரண்டு இந்த ஒயர் வழியாகக் கம்பிக்கு வரும். கம்பியை அமுக்குவது அவனுடைய நல்ல கை.

கத்தரியை எடுத்து நறுக்கினாள். முனையை மடக்கிக் குழிக்குள் திணித்தாள். மற்றதையெல்லாம் ஒழுங்காகப் பற்றவைத்து மூடினாள். அவனிடம் சொல்லவில்லை.

பெருங்களத்தூரில் ஒரு கல்யாணம் வந்தது. ஒத்திகை பார்க்கக் காஜா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எட்மண்டோடு ஒன்றாகக் கோலி விளையாடி வளர்ந்தவன். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி தேன்கூடு கலைந்த மாதிரி இரைந்தது. எட்மண்ட் கம்பிமேல் கை வைத்தான். இரைச்சல் அடங்கவில்லை. எடுத்தான், மறுபடி வைத்தான்.

"முன்னல்லாம் கை வெச்சா கப்புனு அடங்கிடும் காஜா."

"என் பொட்டி நல்லாத்தான் கீது மச்சான். நேத்துகூட மீட்டிங்ல பேசுச்சே."

"பொட்டி இல்லடா." எட்மண்ட் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "இது அந்தக் கை இல்லன்னு அதுக்குத் தெரியுது. கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்க."

கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தான். அதே சுவர்.

"இன்னா தங்கச்சி, வாய வாடகைக்கு வுட்டுட்டியா? எதுனா சொல்லேன் இவனுக்கு" என்றான் காஜா.

ரத்தினபாய் முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "கை மேல தப்பு இல்ல. கம்பிக்குப் போற ஒயர நான்தான் அறுத்தேன். அது இல்லாமத்தான் கை வெச்சும் அடங்கல."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னா பாக்கறீங்க? பொட்டியில வர கரண்டு கம்பிக்கு வராதா? ஒரு கை குடுத்தாச்சு. இதையும் குடுத்துட்டு வா, ஊட்டி வுடறேன்னு சொல்லவா?"

எட்மண்ட் எழுந்து வந்து அவள் எதிரில் நின்றான். "இத்தினி நேரம் என் கையிதான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் மெதுவாகச் சொன்னான். அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. "அந்த ஒயரத் திரும்ப வெச்சுடு ரத்னா."

"மாட்டேன்."

"வாசிக்காம இந்தக் கைய வெச்சுகினு நான் இன்னா பண்ண?"

அவளுடைய ஆத்திரம் காஜா பக்கம் திரும்பியது.

"யோவ் அண்ணே, ஊரெல்லாம் இந்த எமன் பொட்டியத் தூக்கிகினு சுத்தறியே, கசியற கரண்ட மண்ணுல எறக்க எர்த்துன்னு ஒண்ணு கீறது தெரியுமா உனக்கு? மொதல்ல அதப் போடு. அப்பால ஒயரப் பத்திப் பேசு."

"பேஜாராப் போச்சுடா" என்று தலையைச் சொறிந்தபடி காஜா கடப்பாரையைத் தேடினான். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். பெட்டியின் இரும்பிலிருந்து அதற்கு ஒயர் இழுத்தார்கள். ரத்தினபாய் கிட்டாரைத் திறந்து, அறுத்த முனையைச் சுரண்டி, ஈயம் வைத்தாள். முதல் சொட்டு உருளாமல் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

எட்மண்ட் கை நீட்டினான். தட்டிவிட்டாள்.

"தள்ளு. மொதல்ல நானு."

"தங்கச்சி, நீ பூட்டா இவன யாரு திட்டறது?" என்றான் காஜா.

வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, கண்ணை இறுக மூடி, ஆறு கம்பிகள்மேலும் உள்ளங்கையை வைத்தாள். அடிக்கவில்லை. இரைந்துகொண்டிருந்த பெட்டி வாயை மூடிக்கொண்டது. கையை எடுத்தாள், இரைந்தது. வைத்தாள், அடங்கியது. பிறகுதான் கிட்டாரை அவனிடம் கொடுத்தாள்.

அவன் தொட்டபோதும் அடங்கியது. அவன் விரல்கள் இரண்டுமுறை தடுக்கி, மூன்றாம்முறை ஒரு பாட்டை முழுசாகக் கடந்தன. கேட்க அப்படியொன்றும் பிரமாதமில்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெருங்களத்தூர் கல்யாணத்துக்கு அவளும் போனாள். அங்கேயும் காஜாவை விரட்டிக் குழி தோண்ட வைத்தாள். மேடைக்குப் பின்னால் பெட்டி பக்கத்தில், சுவர் ஸ்விட்ச்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, பட்டுச்சேலையில் காவல்காரி மாதிரி நின்றாள். பொண்ணு மாப்பிள்ளையை அவள் பார்க்கவேயில்லை. அவனுடைய வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் வீட்டார் இரண்டுமுறை வந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"கடைசிப் பந்தி தங்கச்சி, பிரியாணி தீந்துடும்" என்று காஜாவும் வந்து சொன்னான்.

"அந்தாளு கைய எடுக்கட்டும், வரேன்" என்றாள் ரத்தினபாய்.