சாயாத ஃபிளாஸ்க்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண், மடியில் ஒரு ஃபிளாஸ்க்கை இரு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். ஜார்க்கண்டிலிருந்து புருஷனோடு தேயிலை எஸ்டேட் வேலைக்கு வந்தவள். தமிழைக் கொழுந்து கிள்ளும் இடத்தில் கற்றிருக்கிறாள். வளைவுகளில் பஸ் சாயும், அரைத்தூக்கத்தில் அவளும் சாய்வாள். ஃபிளாஸ்க் மட்டும் சாயாது. வெளியே காட்டின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

குளிருக்கு ஒரு வாய் டீ கிடைக்குமா என்று கேட்டே விட்டேன்.

"டீ இல்லக்கா, ஐஸு. உள்ள ஊசி மருந்து இருக்கு. சூடும் படக்கூடாது, சாயவும் கூடாதாம்."

"யாருக்கும்மா?"

"பிள்ளைக்கு." மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் வரல. கல்யாணமாகி ஏழு வருசமாச்சு," என்றாள். "ஊசி போடுறத எங்க ஊருல சொல்லலக்கா. மலைக்கு வேலைக்குப் போனதாலதான் பிள்ள இல்லன்னு சொல்லுவாக."

மறையூரில் பஸ் நின்றதும், பின்சீட்டிலிருந்த புருஷன் ஐஸ் வாங்க இறங்கினான். டிரைவர் ஹாரன் அடித்தும் அவனைக் காணவில்லை.

"அசையாமப் பிடிங்கக்கா."

ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு அவனைக் கூப்பிட ஓடினாள். இருவரும் திரும்பும்வரை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

இப்போதும் வீட்டில் டீ ஊற்ற ஃபிளாஸ்க்கைச் சாய்க்கும்போதெல்லாம், அன்று நேராகத்தான் பிடித்திருந்தேனா என்று சந்தேகம் வருகிறது.