கொலைச் சிந்து படித்த மத்தியானம்

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் சந்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா லோகோ ஷெட்டில் கலாசி. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பவர். மற்ற வீட்டுப் பிள்ளைகள் தெலுங்கு ஸ்கூலுக்கோ இங்கிலீஷ் ஸ்கூலுக்கோ போனார்கள். தமிழில் கேட்டால் அந்த ஊர் இந்தியில் பதில் சொன்னார்கள். என்னை மட்டும் அப்பா பிடிவாதமாகத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் படிப்பை முடித்துவிட்டு, காஞ்சன்பாக் பக்கம் சர்க்கார் ஃபாக்டரிக்கு மனுப் போட்டுக் காத்திருந்தேன். சந்துக்கு வரும் கடிதங்களைப் படிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை. கொலைச் சிந்து படிப்பதும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

எங்காவது ஒரு கொலை நடந்தால், யாராவது கிணற்றில் விழுந்தால், பத்தே நாளில் அது பாட்டாகி எட்டுப் பக்கப் புத்தகமாக ரயிலடிக்கு வந்துவிடும். விற்கிறவர் கஞ்சிரா தட்டிப் பாதிவரை பாடுவார். யார் செத்தார்கள் என்று தெரியவேண்டுமானால் புத்தகத்தை வாங்க வேண்டும். நன்றாக ஓடுகிற சிந்தை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள். அப்பா ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஜோலார்பேட்டையில் அப்படி ஒன்றை வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார். "என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றார்.

ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமம். மூன்று பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாயின் கதை.

மத்தியானம் மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். இரண்டு மணிக்கே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் படித்தேன். ஃபிட்டராக இருந்த தம்பிக்குச் சமைத்துப்போட வந்து தங்கியிருந்த அக்கா ஒருவரும் அன்று இருந்தார். புருஷன் இல்லாதவர் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். சந்தில் எந்தக் குழந்தை அழுதாலும் அவர் மடிக்குத்தான் போகும். எதிர்வீட்டுக்காரியின் ஒன்பது மாதப் பெண் அவரிடமே வளர்ந்தது என்று சொல்லலாம். அன்றும் அவர் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் ராகமா இழுத்துப் படி தம்பி, கெஜட் படிக்கிற மாதிரி படிக்காதே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. இழுத்தேன்.

*காலைப் பொழுதினிலே - பெற்ற*
*கண்மணி மூவரைக் கூட்டிவந்தாள்*
*சேலைத் தலைப்பினிலே - சின்னச்*
*சேயை இடுப்போடு கட்டிக்கொண்டாள்*

"அய்யோ பாவி" என்றாள் ஒருத்தி. "நக்கோ, போதும்" என்று இன்னொருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

"சேலைத் தலைப்பு இல்லப்பா" என்றார் அக்கா, மடியில் இருந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே. "தூளித் துணி."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அச்சில் இருப்பதைத் தப்பு என்று ஒருவர் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

"சேலைன்னுதான் போட்டிருக்கு அக்கா. நீங்களே பாருங்க."

"எனக்கு என்ன படிக்கவா தெரியும்? தூளித் துணிதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டேன். அவர் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. எதிர்வீட்டுக்காரி எழுந்து வந்து, தூங்கும் குழந்தையை மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். குழாயில் காற்றுச் சத்தம் கேட்டது. எல்லோரும் குடத்துக்கு ஓடினார்கள்.

மறுநாளிலிருந்து ஒரு குழந்தையும் அவரிடம் போகவில்லை. தமிழ் சரியாகப் புரியாத பொடிசுகள் அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு, காலைப் பொழுதினிலே என்று கத்தியபடி சந்தில் சைக்கிள் டயர் ஓட்டின. அவர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

நான்காம் நாள் காலை, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் புஸ்தகத்த முழுசாப் படி தம்பி. நான் கேட்டதே இல்ல."

படித்தேன், ராகம் இல்லாமல். கிணறு இருட்டாக இருக்கிறது, என்னை இறக்காதே என்று மூத்தவன் காலைப் பிடித்துக் கெஞ்சும் இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"கெஞ்சவே இல்ல. குளிக்கப் போறோம்னு சொன்னேன். துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு எனக்கு முன்னாடி ஓடினான்."

எனக்கு அடுத்த வரி கண்ணில் தெரியவில்லை.

"ஏன் செஞ்சாள்னு போட்டிருக்கானா?"

"புருஷன் சந்தேகப்பட்டான்னு போட்டிருக்கு அக்கா."

"அப்படியா போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான். பிறகு, "தூளித் துணி படிக்கல்லுல மாட்டிக்கிச்சு. சின்னது நழுவி உள்ள போயிடுச்சு, நான் மட்டும் மேலேயே நின்னுட்டேன். ஜெயிலுக்கும் போய்ட்டு வந்தேன். முடிவு என்ன, அதைப் படி" என்றார்.

*மூன்று பிணத்தருகே - தாயும்*
*மூச்சடங்கி நாலாய் மிதந்துவந்தாள்*

"செத்துட்டாளா?"

"அச்சுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப அதைப் போய்ச் சொல்லு. நீ படிச்சவன், சொன்னா நம்புவாங்க. அந்தப் பாப்பா இல்லாம என்னால இருக்க முடியல தம்பி."

அன்று மத்தியானம் குழாயடியில் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். நான் அதுவரை பொய் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பொய்யா இது, அச்சில் இருப்பதைத்தானே படிக்கிறேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். "அந்தம்மா செத்தே போச்சு. அக்கா ஊர்ப்பக்கம் கேட்ட பேச்சைச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"ஹவ், ஆமா, நானும் அதான் நெனச்சேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "புஸ்தகத்துலயே போட்டிருக்கே." மறுநாள் குழந்தை அக்கா மடிக்குத் திரும்பியது. அது அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது; அவர் சிரித்தார்.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. குழந்தை அவர் மடியில் ஏறிவிட்டதோ இல்லையோ, நானும் ஏதாவது ஒரு புத்தகத்தோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தால் எழுந்து நிற்பேன். தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனாலும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒரு வாரம் இப்படி ஓடியது.

ஒருநாள் குழந்தைக்குக் கால் கழுவத் தொட்டியருகே குனிந்தார். நான் என்னை அறியாமல் நாலு எட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டியிருந்தேன் போலிருக்கிறது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஈரக் காலைத் தன் முந்தானையில் நன்றாகத் துடைத்து, குழந்தையை எதிர்வீட்டுக்கு எடுத்துப்போய் அதன் தாயிடம் கொடுத்தார்.

"இடுப்பு வலிக்குதும்மா. இனிமே என்னால தூக்க முடியாது."

"என்னக்கா திடீர்னு? கைக்கு, ஏன் இப்படிச் சொல்றீங்க?"

குழந்தை அவர் பக்கம் கையை நீட்டி வீறிட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.