ஐஸ் பக்கெட்டில் உரிந்த லேபிள்

நேற்று சாயங்காலம் எண்ணெய் பரோட்டாவுக்கு வைன் குடித்தேன்!

(சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் சொல்ல வந்தது வேறு.)

கூப்பிட்டவன் காளிராஜன். சிவகாசியில் அவனும் லேபிள் அச்சகம்தான் நடத்துகிறான், நானும் அதேதான். ஒரே அச்சகத்தில் சேர்ந்து தொழில் பழகியவர்கள். இருபது வருட நட்பு.

விருதுநகர் பைபாஸில் பார் வசதியுள்ள ஒரு ஹோட்டல். மெனு கார்டைப் பார்த்தவன், ஒரே கம்பெனியின் வெள்ளை, ரோஸ், சிவப்பு மூன்றிலும் ஒவ்வொரு சின்ன பாட்டில் சொன்னான்.

“பீர் போதும்லே” என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அந்தக் கம்பெனி எட்டு வருடமாகக் காளிராஜனின் பார்ட்டி; லேபிள் எல்லாம் அவனிடம்தான் அடிப்பார்கள். மூன்று மாதத்துக்கு முன் அவர்களின் மேனேஜர் என்னைத் தேடி வந்தார். இன்னொருவனின் பார்ட்டி நம்மிடம் வந்தால், அவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வேலையை எடுப்பது எங்கள் பழக்கம்.

நான் போடவில்லை.

போட்டால் ‘எடுக்காதலே’ என்று சொல்லிவிடுவானோ என்று பயம். முதல் ஆர்டராக வெள்ளை வைனுக்கு லேபிள் அடித்து அனுப்பியும்விட்டேன். ரோஸும் சிவப்பும் இன்னும் அவன் அடித்த பழைய ஸ்டாக்.

“அண்ணாச்சி, வெள்ளையும் ரோஸும் ஐஸ்ல வச்சிருக்கேன். செவப்ப ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணுமாம்” என்றார் சர்வர்.

(விருதுநகர் ரூம் டெம்பரேச்சரில் அது ரசம்தான்!)

முதலில் வெள்ளை. ஒரு வாய் குடித்துவிட்டு, “நெல்லிக்கா கணக்கா இருக்குலே” என்றான் காளிராஜன். பிறகு ரோஸ். அவன் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தான். நான் வெள்ளை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி ஊற்ற வெள்ளை பாட்டிலை ஐஸிலிருந்து எடுத்தான்.

லேபிள் மொத்தமாக உரிந்து அவன் கையோடு வந்துவிட்டது!

பக்கத்தில் ரோஸ் பாட்டில், அதே ஐஸில். அவன் அடித்த லேபிள் ஓரம்கூடத் தூக்கவில்லை.

உரிந்ததை மேஜையில் விரித்து, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துப் பார்த்தான்.

“உன் மெஷின்தானலே இது? தங்கக்கோடு எப்பவும் போல ஒரு நூல் வலப்பக்கம் தள்ளி விழுந்திருக்கு.”

“ஆமா. சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்பம்?”

நான் பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தேன். அவன் எழுந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. போகவில்லை. சிவப்பை இரண்டு கிளாஸிலும் ஊற்றினான்.

“அடுத்த லோடு ஏத்திட்டியா?”

“நாளைக்குக் காலையில.”

“நிப்பாட்டு. ஐஸ் தண்ணி தாங்குத பசை போட்டு தனியா ஸ்டிக்கர் ரோல் வருது. எங்கிட்ட ஆறு ரோல் கெடக்கு, ஆளனுப்பி எடுத்துக்க. மொத தடவ எனக்கும் இப்படித்தான் உரிஞ்சுச்சு. ஒரு போன் போட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்லே.”

“ரெண்டு வார்த்த வையவாவது செய்லே” என்றேன். நிஜமாகவே கெஞ்சினேன்.

“வஞ்சா எட்டு வருசப் பார்ட்டி திரும்பி வந்துருமாக்கும்?”

அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. கோழிச் சுக்கா காரம் என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். “விடுலே, சாப்பிடு” என்றான். வைனில் எது நல்ல வைன் என்று யாரும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

இன்று காலை லாரியை நிறுத்திவிட்டேன். ஆறு ரோலும் வந்து இறங்கிவிட்டது. கம்பெனியிலும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் பெயர் தப்பித்தது.

ஆனால் காலையிலிருந்து ஒரே யோசனை. நாங்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தால், என் பார்ட்டியைக் கொண்டுபோனவனின் லேபிள் என் கண்முன்னே உரிந்திருந்தால், அந்தப் பசையைப் பற்றி நான் சொல்லியிருப்பேனா?

மாட்டேன். பேசாமல் இன்னொரு பரோட்டா சொல்லியிருப்பேன்.